தலையில் விழுந்த கம்பும் எதிர்ப் பக்கத்து டாக்டரும்

இந்தப் பத்திரிகையில் எனக்கு எதிர்ப் பக்கத்தில் எழுதுகிற டாக்டர் ஒரு குற்றவாளி.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. வாராவாரம் படிக்கிற உங்களுக்கு அது தெரியும். கண்ணமங்கலத்தில் பம்ப்செட் மோட்டார் ரிப்பேர் பண்ணுகிறவன் நான். உள்ளே காயில் கம்பி கருகிப்போன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து, 'லேசா சத்தம் வருது' என்று சொல்கிறவர்களிடம், 'கருகிப்போச்சு' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிப் பழகியவன். அதே வாயால்தான் இதையும் சொல்கிறேன்.

என் தலையில் விழுந்தது ஒரு மூங்கில் கம்பு. அது கொடுத்தது ஒரு வீக்கம். அவ்வளவுதான். டாக்டர் எழுதியதோ ஒரு குடும்பத்தின் புளிய மரத்தில் ஒரு கிளையையே காலி பண்ணிவிட்டது.

எப்படி என்கிறீர்களா? சொல்கிறேன்.

போன மாதம் வருஷப் புளி வாங்க ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். நானும் என் மனைவி கமலாவும். கமலாவின் தம்பி சேகருக்குக் காவலூரில் வேலை. நட்சத்திரம் பார்க்கிற இடத்தில் எலக்ட்ரீஷியன். ராத்திரியெல்லாம் டியூட்டி, பகலெல்லாம் தூக்கம். அவன் குவார்ட்டர்ஸிலிருந்து கூப்பிடு தூரத்தில் வெள்ளையன், காளியம்மா என்று ஒரு புருஷன் பெண்சாதி. கொஞ்சம் சாமை, இரண்டு புளிய மரம். இதுதான் அவர்கள் சொத்து. மார்க்கெட்டில் கொட்டையும் தண்ணீரும் கலந்து விற்கிற புளியைக் கமலா தொட மாட்டாள். மரத்தடியில் நின்று, தன் கண் முன்னால் விழுகிற புளிதான் வேண்டும்.

சரி, போனோம். ஒரு மரம் ஏற்கெனவே உலுக்கியாகிவிட்டது. இரண்டாவது மரத்தில் வெள்ளையன் ஏறியிருந்தார். கையில் நீள மூங்கில் கம்பு. கிளை கிளையாக உட்கார்ந்து அடிக்கிறார். கீழே பழம் மழை மாதிரி கொட்டுகிறது. காளியம்மாவும் கமலாவும் பொறுக்குகிறார்கள். நான் என்ன செய்கிறேன்? இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எப்படி அடிக்க வேண்டும் என்று மேலே இருக்கிறவருக்கு யோசனை சொல்கிறேன். மோட்டார் ரிப்பேர்காரன் புளி உலுக்குவதற்கு யோசனை சொல்லலாமா என்று கேட்காதீர்கள். எனக்குச் சும்மா நிற்க வராது.

மேலேயிருந்து வெள்ளையன் ஏதோ சத்தம் போட்டார்.

அந்த மலையில் மேலேயிருந்து சத்தம் வந்தால் என்ன செய்வார்கள் தெரியுமா? இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டு, ஒரே பாய்ச்சலாக அடிமரத்தோடு போய் ஒட்டிக்கொள்வார்கள். காளியம்மா ஒட்டிக்கொண்டார். காளியம்மாவைப் பார்த்துக் கமலாவும் ஒட்டிக்கொண்டாள். நான்?

அண்ணாந்து பார்த்தேன்.

டவுன்காரன் அப்படித்தான் செய்வான். எங்கிருந்து சத்தம் வருகிறது என்று பார்க்காமல் அவனால் இருக்க முடியாது. கம்பு நேராக வந்து நெற்றிக்கு மேலே, முடி ஆரம்பிக்கிற இடத்தில் உட்கார்ந்தது.

நான் விழவில்லை. மயங்கவில்லை. அந்த மரத்தையும், கம்பையும், வெள்ளையனையும், வருஷப் புளி என்கிற பழக்கத்தைக் கண்டுபிடித்தவனையும் திட்டினேன். நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடியும் திட்டினேன். வெள்ளையன் இறங்கி ஓடி வந்தார்.

"அண்ணா... அண்ணா... கை நழுவிடிச்சிண்ணா..."

"இன்னாய்யா நழுவிடிச்சு? என் மண்டை உடைஞ்சிருந்தா?"

"உடையலீங்க," என்றாள் கமலா, தலையைத் தடவிப் பார்த்து. "எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கியிருக்குது. அவ்ளோதான். இவ்ளோ கத்துறவங்களுக்கு உள்ள ஒண்ணும் ஆயிருக்காது."

விஷயம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முடிந்தும் போயிருக்கும். காளியம்மா ஈரத் துணி கொண்டுவந்து வைத்தார். வலி குறைந்தது. அப்போதுதான் அவர் சொன்னார்.

"அண்ணா, ஒரு வார்த்த சொல்லிடுங்க. அவரு ஏறட்டும்."

"இன்னா வார்த்தை?"

"நல்லா இருக்கேன், ஏறுன்னு."

அவர்கள் வீட்டில் ஒரு வழக்கமாம். மரத்திலிருந்து ஒருத்தர் கை நழுவி, கீழே இருக்கிறவர் மேல் ஏதாவது பட்டுவிட்டால், அடிபட்டவர் அதே மரத்தடியில் நின்று, தன் வாயால், 'நல்லா இருக்கேன், ஏறு' என்று சொல்ல வேண்டும். சொல்கிறவரைக்கும் அந்த வீட்டு ஆட்கள் யாரும் அந்த மரத்தில் ஏற மாட்டார்கள்.

"சொல்லலேன்னா?"

"எறங்கினவரு எறங்கினவருதான். மனசுல பயத்தை வச்சிக்கினு மேல ஏறினா கை நிக்குமா? இப்ப கம்பு வந்துச்சு. அடுத்தாப்ல ஆளே வந்துடுவாரு."

நியாயமான பேச்சு. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். அந்த நேரத்தில் வந்து நின்றார் நம் எதிர்ப் பக்கத்து டாக்டர்!

நேரில் இல்லை. மண்டைக்குள். சில வாரங்களுக்கு முன்னால் 'தலையில் அடிபட்டால்...' என்று அவர் ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தாரே, படித்தீர்களா? நான் படித்தேன். என் கட்டுரையில் அச்சுப் பிழை இருக்கிறதா என்று பார்க்கும்போது கண் அந்தப் பக்கம் போய்விட்டது. அதில் ஒரு வரி: 'அடிபட்டவர் தான் நன்றாக இருப்பதாகச் சொன்னால், அதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.'

பார்த்தீர்களா கதையை? இந்த அம்மாள் 'நல்லா இருக்கேன்னு சொல்லு' என்கிறார். அந்த டாக்டர் 'சொன்னாலும் நம்பாதே' என்கிறார். நடுவில் நான்... என்னையே நான் நம்பலாமா கூடாதா என்று தெரியாமல் வாயைத் திறந்தபடி நிற்கிறேன்.

பொய் சொல்ல எனக்கு வராது. 'கொஞ்சம் பொறும்மா, பார்த்துட்டு சொல்றேன்' என்றேன். அந்தக் 'கொஞ்சம்' மறுநாள் சாயங்காலம் வரைக்கும் நீண்டது.

டாக்டர் எழுதியது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கண்மணி இரண்டும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். நட்சத்திரம் பார்க்க அவ்வளவு பெரிய கண்ணாடி வைத்திருக்கிற ஊரில், என் கண்ணைப் பார்க்க ஒரு கைக்கண்ணாடி கிடைக்கவில்லை! சேகர் ஷேவிங் கண்ணாடியை உடைத்துவிட்டானாம். கடைசியில் அவன் மொபெட்டின் பக்கக் கண்ணாடி முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணை விரித்து... அந்த வழியாகப் போன குவார்ட்டர்ஸ்காரர் ஒருவர், வண்டியைத் திருட வந்தவன் என்று நினைத்து நின்றுவிட்டார்.

கூடவே வெள்ளையன். வழக்கப்படி அவர் என்னை விட்டு நகர மாட்டாராம். நான் போகிற இடமெல்லாம் கையைக் கட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். நான் முகத்தைச் சுளித்தால் அவர் முகமும் சுளித்தது.

"வெள்ளையா, என் கண்ணப் பாரு. ரெண்டும் ஒரே மாதிரி இருக்குதா?"

அவர் ரொம்ப நேரம், மரத்தில் பழம் பழுத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எடது கண்ணு கொஞ்சம் கோவமா இருக்குதுங்க."

இதை வைத்துக்கொண்டு நான் என்ன முடிவுக்கு வருவது?

அடுத்தது ஞாபகசக்தி. தமிழ் மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லிப் பார்த்தேன். பங்குனி, மாசி, தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி, ஆடி...

"ஆவணி எங்க?" என்றாள் கமலா.

எனக்கு வேர்த்துவிட்டது. "பாத்தியா? மறந்துட்டேன்! ஒரு மாசமே காணாப்போச்சு!"

"நீங்க பொறந்ததே ஆவணிதான். மொதல்ல நேராச் சொல்லுங்க பாப்போம்."

நேராகவும் சொன்னேன். அதிலும் ஆவணி வரவில்லை.

"போன வருசம் எல்.ஐ.சி. ஏஜெண்ட் பொறந்த மாசம் கேட்டப்பவும் இப்படித்தான் முழிச்சீங்க. அன்னிக்கு இன்னா கம்பா விழுந்துச்சு?"

"எரிச்சல் வரும்னு எழுதியிருக்காரு, கமலா. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிஞ்சு விழுவாங்களாம்."

கமலா காளியம்மாவைப் பார்த்தாள். காளியம்மா கமலாவைப் பார்த்தார். இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"அப்படின்னா அக்கா," என்றார் காளியம்மா, "அண்ணனுக்கு எப்போ அடிபட்டுது?"

"தாலி கட்டறதுக்கு முந்தியே பட்டிருக்கும்."

பெண்கள் சிரிக்கட்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்றால் அடுத்த அறிகுறி வந்துகொண்டிருந்தது. தூக்கம்!

மத்தியானம் காளியம்மா வீட்டில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். ஒரு பிடி பிடித்தேன். அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு எவன் தூங்க மாட்டான்? மரம், மாடு, நாய் எல்லாம் தூங்குகிற நேரம். ஆனால் தலையில் அடிபட்டவனுக்குத் தூக்கம் வந்தால் உஷாராக இருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதியிருக்கிறாரே! எனக்கு வருவது மூளைத் தூக்கமா, மொச்சைத் தூக்கமா? யாரைக் கேட்பது?

சேகர் வீட்டுக்கு வந்தோம். அவன் உள்ளே குறட்டை. கமலாவிடம், "என்னைத் தூங்க விடாதே" என்றேன். சரி என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்து அவள் தூங்கிவிட்டாள். வெள்ளையன் மட்டும் வாசற்படியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் சொருகும்போதெல்லாம், "அண்ணா!" என்று ஒரு கத்தல். தூக்கிவாரிப் போடும். மறுபடி சொருகும். மறுபடி "அண்ணா!"

திடீரென்று சத்தம் நின்றது. பார்த்தால், தலை ஒரு பக்கம் சாய்ந்து வெள்ளையன் தூங்குகிறார்.

இந்த மனுஷன் ஏன் தூங்குகிறார்? இவர் தலையில் ஏதாவது பட்டதா? எழுந்து போய் அவர் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்தது. காவல் காக்க வந்தவருக்கு நான் காவல் உட்கார்ந்தேன். சாயங்காலம் அவர் விழித்ததும் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"அண்ணா, எனக்கும் லேசா தலை வலிக்குதுங்க. ஒட்டிக்குமா இது?"

அன்று ராத்திரி எப்படிப் போனது என்று எழுதப்போவதில்லை. போனது.

விடிந்ததும் முதல் பஸ்ஸைப் பிடித்து ஆலங்காயத்துக்குக் கிளம்பினோம், டாக்டரைப் பார்க்க. வெள்ளையனும் வந்தார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. இங்கே இன்னொரு சிக்கல். வாந்தி வந்தால் ஆபத்து என்று நம் ஆள் எழுதியிருக்கிறார். அந்த மலைப்பாதை பஸ்ஸில் நீங்கள் போயிருக்கிறீர்களா? டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து ஒடிக்கிறார். டீசல் புகை. எனக்கு முன் சீட்டில் இருக்கிற அம்மாள் ஜன்னலுக்கு வெளியே. பின் சீட்டில் இருக்கிறவர் ஜன்னலுக்கு வெளியே. அந்த பஸ்ஸில் வாந்தி எடுக்காதவனைத்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்! நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தால் அது மலையா, மண்டையா?

எனக்கு வரவில்லை. வெள்ளையனுக்கு வந்தது.

"எனக்கும் ஆயிடிச்சுண்ணா," என்றார், வாயைத் துடைத்துக்கொண்டு. கண்ணில் தண்ணீர். "காளியம்மாவ கூட்டிக்கினு வந்திருக்கலாம். ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருப்பேன்."

ஆலங்காயத்து டாக்டர் என் கண்ணில் டார்ச் அடித்தார். விரலைக் காட்டி எத்தனை என்றார். நடக்கச் சொன்னார். முட்டியில் தட்டினார். வீக்கத்தை அமுக்கினார். எப்போது அடிபட்டது, மயக்கம் வந்ததா, வாந்தி வந்ததா என்று எல்லாம் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லை" என்றார். "வீக்கம் தானா வத்திடும். தலைவலி ஏறிக்கிட்டே போனாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே வாங்க. இல்லேன்னா வராதீங்க."

"எக்ஸ்ரே எடுக்க வேணாமா?"

"வேணாம்."

"இல்ல டாக்டர்... ஒரு பத்திரிகையில போட்டிருந்தாங்க..."

"எந்தப் பத்திரிகை?"

சொன்னேன். அதில் நானும் எழுதுகிறேன் என்றும் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார்.

"அந்தக் கோவக்காரரா நீங்க? எரிச்சல் இருக்கான்னு கேக்கலாம்னு இருந்தேன். கேட்டுப் பிரயோஜனமில்லை."

வெள்ளையனையும் பார்த்தார். அவரை ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி, பஸ்ஸில் முகர்ந்துகொண்டே போகச் சொன்னார்.

எவ்வளவு சந்தோஷமாக வெளியே வந்தேன் தெரியுமா! உலகமே பளிச்சென்று இருந்தது. டீ குடித்தோம். வடை சாப்பிட்டோம். 'மேல போனதும் மொத வேலையா ஏறு சொல்லிடறேன் வெள்ளையா' என்று முதுகில் தட்டினேன்.

அந்தச் சந்தோஷம் பஸ் ஸ்டாண்ட் வரை கூட வந்தது. பஸ்ஸில் ஏறவில்லை.

டார்ச் அடித்தாரே... இடது கண்ணில் கொஞ்சம் சீக்கிரமாக எடுத்துவிட்டாரோ? காதில் ஒரு ரீங்காரம் இருந்ததே, அதை நான் சொன்னேனா? சொல்லவில்லையே! சொல்லியிருந்தால் அவர் வேறு மாதிரி சொல்லியிருப்பாரோ? 'சிலருக்கு நாள் கழித்தும் வரலாம்' என்று எதிர்ப் பக்கத்துக்காரர் எழுதியிருந்தாரே. நாள் கழித்து என்றால் எத்தனை நாள்? அதை அவர் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் அது ஆயுசுக்கும்தானே?

பஸ் மலை ஏற ஏற, நானும் பழைய இடத்துக்கே ஏறிவிட்டேன்.

காவலூரில் இறங்கும்போது மேற்கே வானம் கறுத்திருந்தது. கோடை மழை. புளி உலுக்குகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய எமன் கிடையாது. மரத்தில் இருக்கிற பழம் நனைந்தால் ஓடு ஊறி, சதை கறுத்து, பூஞ்சை பிடித்துவிடும். அதைப் பிறகு யாரும் தொட மாட்டார்கள். அந்த வீட்டுக்கு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற வரும்படி. பாதி மரத்துப் பழம் இன்னும் மேலேதான் இருந்தது.

மரத்தடியில் காளியம்மா நின்றுகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லேன்னாரு," என்றேன்.

"அப்ப சொல்லிடுங்க!"

நான் வாயைத் திறந்தேன். மூடினேன்.

"காதுல ஒரு சத்தம் மாதிரி... இன்னிக்கு ஒரு ராத்திரி பாத்துட்டு..."

காளியம்மா வானத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புருஷனைப் பார்த்தார். வெள்ளையன் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நான் சேகர் வீட்டுக்கு நடந்தேன். அடிபட்டதிலிருந்து நான் நடக்கிற நடையே மாறியிருந்தது. விளிம்பு வரை தண்ணீர் நிரம்பிய குடத்தைத் தலையில் வைத்திருப்பவன்போல், அசங்காமல், குலுங்காமல்... வாசலில் போய் உட்கார்ந்தேன். காதில் சத்தம் வருகிறதா என்று உற்றுக் கேட்டேன். உற்றுக் கேட்டால் யார் காதில்தான் சத்தம் வராது?

அப்போது வெள்ளையனின் குரல் கேட்டது.

"ஏறாதடி! சொன்னாக் கேளு, ஏறாத!"

திரும்பிப் பார்த்தேன். காளியம்மா புடவையை வரிந்து கட்டிக்கொண்டு முதல் கவட்டையில் கால் வைத்திருந்தார். கையில் அதே கம்பு.

"நீ ஏற மாட்ட. அவரு சொல்ல மாட்டாரு. மழை இன்னா நம்மளக் கேட்டுட்டா வரும்?"

வீட்டு வழக்கத்தை மீறி ஏறுகிறார். அந்தப் பயம் காலில் தெரிந்தது. கவட்டையில் வைத்த கால் நடுங்குவது எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. அதற்கு மேல் ஒரு அடி வைத்தால் என்ன ஆகும் என்று யோசிக்க வேண்டியதில்லை.

எனக்கு வந்ததே கோபம்! என் மேல் வந்ததா, அவர் மேல் வந்ததா, டாக்டர் மேல் வந்ததா, தெரியாது. ஓடினேன்.

"எறங்கும்மா கீழ! எறங்குன்றேன்ல! புருஷன் என் தலையில கம்பு போடுவான், பெண்சாதி தானே வந்து விழுவியா? எறங்கு!"

காளியம்மா இறங்கினார். மூச்சிரைத்துக்கொண்டு நான் மரத்தடியில் நின்றேன். என் பின்னாலேயே ஓடிவந்த கமலா சொன்னாள்:

"ஏங்க... ஓடினீங்களே! தல ஆடலியா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஓடினேன். குதித்தேன், நடுவில் ஒரு வரப்பு இருந்தது. கத்தினேன். அவ்வளவு நேரமும் எனக்குத் தலை என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இல்லை!

"வெள்ளையா, இங்க வாய்யா" என்றேன். வந்தார்.

"இதோ பாரு. நான் பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கு எப்படி இருப்பேன்னு எனக்குத் தெரியாது. அடுத்த வாரம் தெரியாது. இப்ப நல்லா இருக்கேன். இப்பத்துக்கு மட்டும்தான் சொல்றேன். ஏறு."

செல்லுமா செல்லாதா என்பதுபோல் அவர் காளியம்மாவைப் பார்த்தார்.

"நாங்க இன்னா அடுத்த வருசத்துக்கா கேட்டோம்?" என்றார் காளியம்மா. "இப்பத்துக்குத்தானே நேத்துல இருந்து கேட்டுக்கினு இருக்கோம்! ஏறுய்யா!"

ஏறினார். பாருங்கள், இறங்கும்போது கிழவன் மாதிரி இறங்கிய மனுஷன் அணில் மாதிரி ஏறினார். தலைவலி, வாந்தி, எலுமிச்சம்பழம் எல்லாம் போன இடம் தெரியவில்லை. கிளை கிளையாக அடித்தார். நாங்கள் மூன்று பேரும் பொறுக்கினோம். தூங்கி எழுந்து வந்த சேகரையும் விடவில்லை, அவன் கையிலும் ஒரு கூடையைக் கொடுத்தோம்.

நடுவில் ஒரு புளியம்பழம். ஒரே ஒரு பழம். நேராக என் வீக்கத்தின் மேலேயே வந்து விழுந்தது.

'டொக்.'

எல்லாரும் அப்படியே நின்றார்கள். கமலாவின் கை கூடைக்கு மேலே நின்றது. மேலேயிருந்து வெள்ளையன் எட்டிப் பார்த்தார். கேட்டார்:

"அண்ணா... இதுக்கும் எறங்கணுமா?"

"எறங்கினா கால ஒடிச்சிடுவேன்! அடிய்யா!"

மலை முழுக்கக் கேட்கிற மாதிரி சிரித்தார்கள். நானும்தான். அந்தப் பழத்தை உரித்து வாயில் போட்டுக்கொண்டேன். நல்ல புளிப்பு.

மழை இருட்டுவதற்குள்ளேயே வந்துவிட்டது. கீழே இருந்ததையெல்லாம் பாயில் கட்டி வீட்டுக்குள் இழுத்துவிட்டோம். மேலே, மேற்குப் பக்கத்துப் பெரிய கிளை ஒன்று பாக்கி. அது முழுக்க நனைந்தது. முதல் நாளே நான் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் அதுவும் வீட்டுக்குள் இருந்திருக்கும். காளியம்மா அதைச் சொல்லிக் காட்டவில்லை. வாசலில் நின்று, மழையில் அந்தக் கிளை ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான்.

சொல்லிக் காட்டியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். சொல்லாததால்தான் இந்தக் கட்டுரை.

டாக்டர் எழுதியது தப்பு என்று நான் சொல்லவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருக்கும். படித்தவர். தலையில் அடிபட்டால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும், நானும் போனேன். ஆனால் என் கடைக்கு ஒருத்தன் மோட்டார் கொண்டுவந்தால் நான் என்ன சொல்வேன்? 'இந்தச் சத்தம் வந்தால் கொண்டு வா. புகை வந்தால் கொண்டு வா. இல்லையென்றால் ஓட்டு.' அந்தக் கடைசி வார்த்தைதான் முக்கியம். ஓட்டு! அதைச் சொல்லாமல் அனுப்பினால் அவன் என்ன செய்வான்? நிமிஷத்துக்கு ஒரு தடவை மோட்டாரை நிறுத்தி, கழற்றி, ஓடுகிறதா என்று பார்ப்பான். அப்புறம் தண்ணீர் எங்கிருந்து வரும்? நெல் எங்கிருந்து விளையும்?

ஆலங்காயத்து டாக்டர் 'இல்லேன்னா வராதீங்க' என்றார். நான் கேட்ட பேச்சிலேயே நல்ல வைத்தியம் அதுதான். ஆனால் என் காதில் அது ஏறவில்லை. காரணம், அந்தக் காதை எதிர்ப் பக்கத்துக் கட்டுரை ஏற்கெனவே அடைத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் சார், எந்தெந்த அறிகுறிக்குப் பயப்பட வேண்டும் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினீர்கள். எப்போது பயத்தை விடலாம் என்று ஒரு வரி எழுதினீர்களா? இடம் போதவில்லையா? உங்கள் பக்கத்தில் பாதிக்குப் பல்பொடி விளம்பரம் போடுகிறார்கள், எனக்குத் தெரியும். அதில் நாலு விரல் அகலம் கேட்டு வாங்குங்கள்.

எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். ஆசிரியர் மூலமாக வருத்தம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். நீங்கள் பயமுறுத்தியது எல்லாரையும். பதிலும் எல்லாருக்கும்தான் சொல்ல வேண்டும். டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று அனுப்பிய பிறகு, ஒருவன் தன் தலையை எப்போது மறக்கலாம்? உங்கள் பக்கத்திலேயே, கொட்டை எழுத்தில், பெயர் போட்டுச் சொல்லுங்கள்.

நான் எங்கேயும் போகவில்லை. எதிர்ப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.